செல்வி சீனாவுக்குப் போகட்டும்

என் கண்ணு,

போன ஞாயிற்றுக்கிழமை நீ போனில் பேசியதிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. முட்டிவலி எப்படி இருக்கிறது, நைனா மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறாரா, செஞ்சியில் மழை உண்டா என்றெல்லாம் வழக்கம்போல விசாரித்தாய். வைக்கப்போகிற நேரத்தில், கேஸ் சிலிண்டர் இன்னும் வரவில்லை என்று சொல்கிற குரலில் அந்த விஷயத்தைச் சொன்னாய். செல்வியைச் சீனாவில் ஒரு கல்லூரிக்குக் கோடை வகுப்பு நடத்தக் கூப்பிட்டிருக்கிறார்கள், ஜூலையில் போனால் ஆகஸ்ட் கடைசியில்தான் வரமுடியும், அவளுக்கு ஆசைதான், ஆனால் "எப்படிம்மா விடறது, பாப்பாவுக்கு அஞ்சு வயசுதானே" என்றாய். விடுவதற்கு உன் பெண்டாட்டி என்ன கட்டிப்போட்ட கன்றுக்குட்டியா? அப்போதே கேட்டிருப்பேன். அதற்குள் நீ, "நீ போனப்போ நான் எவ்ளோ அழுதேன், உனக்கே தெரியும்" என்று என்னையே உனக்குச் சாட்சியாகக் கூப்பிட்டுவிட்டு வைத்துவிட்டாய். அங்கேதான் நீ மாட்டிக்கொண்டாய். சாட்சிக் கூண்டில் ஏற்றிவிட்டால் நான் பாதியில் இறங்குகிற ஆள் இல்லை.

நம் பங்குக் கோயில் ஆண்டு மலருக்கு ஏதாவது எழுதிக் கொடுங்கள் டீச்சர் என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். இந்தக் கடிதத்தையே கொடுக்கப்போகிறேன். கோபித்துக்கொள்ளாதே. உன்னைப்போல இன்னும் நாலு வீட்டுப் பையன்கள் இருப்பார்கள், அவர்களுக்கும் ஆகும்.

உனக்கு அப்போது ஏழு வயது. எண்பதுகளின் பின்பாதி. நம் நாட்டுக்கும் சீனாவுக்கும் ரொம்ப நாள் மனத்தாங்கல் கொஞ்சம் கொஞ்சமாக இளகிக்கொண்டிருந்த நேரம். ஆசிரியர்களை அங்கேயும் இங்கேயும் அனுப்பிப் பார்க்கலாம் என்று யாரோ பெரியவர்கள் முடிவு செய்தார்கள். ஆங்கிலம் சொல்லிக்கொடுக்க மெட்ராஸிலிருந்து ஒருவர் போவதாக இருந்தது. அவருக்கு விமானம் என்றால் பயம் என்பது கடைசியில்தான் அவருக்கே தெரிந்தது. மாவட்டத்தில் பெயர் கொடுத்தவர்களில் மிஞ்சியிருந்தது நான் ஒருத்திதான். செஞ்சி பெண்கள் பள்ளியில் ஏழாம் வகுப்புக்கு இங்கிலீஷ் எடுத்துக்கொண்டிருந்த எனக்கு அப்படித்தான் சீனா கிடைத்தது. பஜாரில் எனக்கு ஜாக்கெட் தைக்கும் பாய் அளவு நாடாவைக் கழுத்தில் போட்டபடி, "சீனாவுக்கா? நம்ம மேல சண்டைக்கு வந்தவங்களாச்சே டீச்சர், அவங்களுக்கு இன்னாத்துக்கு இங்கிலீஷு?" என்று கேட்டார். "அடுத்த தடவை சண்டை வந்தா இங்கிலீஷ்ல திட்டிக்கலாம் பாய்" என்றேன். சிரித்துக்கொண்டே நாலு ஜாக்கெட்டையும் இரண்டே நாளில் தைத்துக் கொடுத்துவிட்டார்.

ஊருக்கு இருந்த கேள்வி வேறு. புள்ளையை யார் பார்ப்பது? திண்டிவனத்து அத்தை, உன் நைனாவின் அக்கா, விஷயம் கேள்விப்பட்டதும் அடுத்த பஸ்ஸில் வந்து இறங்கிவிட்டாள். உன் துணிமணிகளை எடுத்து மூட்டை கட்டவே ஆரம்பித்துவிட்டாள். "ஆம்பளையாளுக்குப் புள்ள வளக்கத் தெரியுமா? ரெண்டு மாசம் என்கிட்ட இருக்கட்டும்" என்றாள். நானும் அதுதான் சரி என்று நினைத்திருந்தேன். கொல்லையில் கை கழுவிக்கொண்டிருந்த உன் நைனா ஈரக் கையோடு உள்ளே வந்தார். "இன்னாத்துக்கு மூட்டை கட்டற? நான் இன்னா செத்தா போய்ட்டேன்? எம்புள்ளய நான் பாத்துக்கறேன்" என்றார். அத்தை என்னைப் பார்த்தாள், நான் அத்தையைப் பார்த்தேன். அந்த மனிதர் அதுவரை அடுப்பு பற்றவைத்து நாங்கள் இருவரும் பார்த்ததில்லை. விடிவதற்குமுன் சிங்கவரம் பக்கத்து நிலத்துக்குப் போனால் நீ தூங்கின பிறகுதான் திரும்புவார். ஆடிப்பட்டத்து வேர்க்கடலை, நம் மல்லாட்டை, விதைக்கிற நேரம் வேறு. "உனக்குச் சோறு வடிக்கத் தெரியுமாடா?" என்றாள் அத்தை. "தெரியாது. கத்துக்கறேன். அவ சீனாவுக்கே போறா, நான் அடுப்பங்கரைக்குப் போவமாட்டேனா?" என்றார். அத்தை மூட்டையை அவிழ்த்துப்போட்டுவிட்டு, கோபத்தில் காப்பி கூடக் குடிக்காமல் போய்விட்டாள்.

நீ அழுதாய் என்பது உண்மை. பஸ் ஸ்டாண்டில் நைனாவின் தோளில் உட்கார்ந்துகொண்டு, ஊரே திரும்பிப் பார்க்கிற மாதிரி அழுதாய். நானும் ஜன்னல் கம்பியில் தலையை வைத்துத் திண்டிவனம் வரைக்கும் அழுதேன். இதைத்தான் இத்தனை வருஷமாகச் சொந்தக்காரர்கள் கேட்கும்போதெல்லாம் சொல்லி வந்திருக்கிறேன். "ஐயோ, புள்ளைய விட்டுட்டு எப்படித்தான் இருந்தியோ" என்று யாராவது உச்சுக் கொட்டினால், "அதை ஏன் கேக்கறீங்க" என்று நானும் முந்தானையை எடுத்து மூக்கைத் துடைத்துக்கொள்வேன். அது மரியாதைக்காகச் சொன்னது. உள்ளதைச் சொல்கிறேன், கேட்டுக்கொள். முதல் வாரம் அழுதேன். அதற்குப் பிறகு அந்தக் கோடை முழுக்க நான் சந்தோஷமாக இருந்தேன் கண்ணு. அவ்வளவு சந்தோஷம் எனக்குள் இருந்தது என்பதே எனக்கு அங்கே போய்த்தான் தெரிந்தது.

ஆனால் ஆரம்பம் அப்படி இல்லை. ஷான்டோங் மாகாணத்தில் ஒரு சின்ன ஊர். ஹாங்காங்கில் இறங்கி, ரயில் மாறி ரயில் மாறிப் போய்ச் சேர்ந்தேன். ஸ்டேஷனில் பூச்செண்டோடு ஒரு கூட்டமே நின்றது. ரயிலிலிருந்து யாராவது வெள்ளைக்காரர் இறங்குவார் என்று எட்டி எட்டிப் பார்த்தார்கள். நான் அவர்கள் முன்னால் பெட்டியோடு நிற்கிறேன், அவர்கள் எனக்குப் பின்னால் பார்க்கிறார்கள். மிஸ் ஜோ என்ற இளம்பெண்ணுக்குத்தான் முதலில் புரிந்தது. எனக்கு மொழிபெயர்ப்பு செய்யவும் துணைக்கு இருக்கவும் நான் பாடம் எடுக்கவேண்டிய ஆசிரியர் பயிற்சிப் பள்ளியில் ஏற்பாடு செய்திருந்தது அவளைத்தான். பூச்செண்டை வாங்கி என் கையில் கொடுத்துவிட்டு, மற்றவர்களிடம் சீன மொழியில் ஏதோ சொன்னாள். எல்லாரும் ஏமாற்றத்தை மறைத்துக்கொண்டு கைதட்டினார்கள். நானும் சிரித்துக்கொண்டே வாங்கிக்கொண்டேன், வேறு என்ன செய்வது?

என் மாணவர்கள் சின்னப் பிள்ளைகள் இல்லை. சுற்றுவட்டாரப் பள்ளிகளில் வேலை பார்க்கிற வாத்தியார்கள், பாதிப் பேர் என்னைவிட மூத்தவர்கள். முன்பு ரஷ்ய மொழி சொல்லிக்கொடுத்தவர்கள் நிறைய. காலம் மாறிப்போய், இனிமேல் ஆங்கிலம்தான் என்றதும் புத்தகத்தை வைத்துத் தாங்களாகவே படித்தவர்கள். இலக்கணத்தில் என்னை ஓரங்கட்டிவிடுவார்கள். ஆனால் வாய்? ஒருவர்கூடத் திறக்கமாட்டார். கேள்வி கேட்டால் எழுந்து நிற்பார்கள், முகம் சிவக்கும், உட்கார்ந்துவிடுவார்கள். தப்பாகப் பேசிவிட்டால் மானம் போய்விடும் என்ற பயம். கடைசி பெஞ்சில் திரு. சென் என்று ஒருவர், ஐம்பது வயது இருக்கும். நான் அவர் பக்கம் திரும்பினாலே பேனாவைத் தேடுவது போலக் குனிந்துகொள்வார்.

அவரைப் பற்றி மிஸ் ஜோ சொன்னாள். அங்கே அப்போதெல்லாம் கணவனுக்கு ஓர் ஊரிலும் மனைவிக்கு வேறோர் ஊரிலும் வேலை போட்டுவிடுவார்கள், மாற்றல் கிடைப்பது குதிரைக்கொம்பு. சென்னுடைய மனைவிக்குத் தூரத்து நகரத்தில் ஒரு ஆலையில் வேலை. வருஷத்துக்கு ஒரு லீவில்தான் பார்த்துக்கொள்வார்கள். அவர்களுடைய மகளைக் கைக்குழந்தையிலிருந்து தனியாக வளர்த்தது சென்தான். இப்போது அந்த நகரத்துப் பள்ளி ஒன்றில் ஆங்கில வாத்தியார் வேலை காலியாக இருந்தது. கோடை முடிவில் மாகாணத் தலைநகரிலிருந்து ஒரு தேர்வாளர் வருவார். அவர் முன்னால் வாய்திறந்து ஆங்கிலம் பேசித் தேறிவிட்டால் மாற்றல் உண்டு, குடும்பம் ஒன்று சேரும். தேறாவிட்டால் பழையபடிதான். "அவர் பேசவே மாட்டார் டீச்சர். நடுவில் சில வருஷங்கள் அந்நிய மொழி பேசினாலே சந்தேகமாகப் பார்த்தார்கள். அப்போது மூடிய வாய்" என்றாள் ஜோ.

வகுப்பு இப்படி இருக்க, வகுப்புக்கு வெளியே எனக்கு இறக்கை முளைத்திருந்தது. காலையில் எழுந்தால் யாருக்கும் டிபன் கட்ட வேண்டாம். மூடிபோட்ட பீங்கான் குவளையில் வெந்நீரை ஊற்றி வைத்துக்கொண்டு, அது ஆறும்வரை ஜன்னலில் உட்கார்ந்து சும்மா பார்த்துக்கொண்டிருப்பேன். கல்யாணத்துக்குப் பிறகு நான் சும்மா உட்கார்ந்ததே அங்கேதான். ஜன்னலுக்கு வெளியே ஊரே சைக்கிளில் போகும். இளம்பெண்கள், குழந்தையைப் பின்னால் உட்கார வைத்த அம்மாக்கள், காய்கறிக் கூடையோடு கிழவிகள். நம் செஞ்சியில் அப்போது சேலை கட்டிய ஒரு டீச்சர் சைக்கிள் ஏறினால் பஜாரே கடையை அடைத்துவிட்டு வேடிக்கை பார்க்கும். எனக்கு ஆசை வந்துவிட்டது. ஜோவிடம் சொன்னதுதான் தாமதம், எங்கிருந்தோ ஒரு கறுப்பு சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்து நிறுத்திவிட்டாள்.

பள்ளிக்குப் பின்னால் மைதானம், மைதானத்தை ஒட்டி ஒரு வாய்க்கால். சாயங்காலம் நான் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஏறுவேன், ஜோ பின்னால் கேரியரைப் பிடித்துக்கொண்டு ஓடிவருவாள். என் மாணவர்கள் மரத்தடியில் அடக்கமாக நின்று பார்ப்பார்கள், சிரிக்கக்கூட மாட்டார்கள். நாலாவது நாளோ ஐந்தாவது நாளோ, ஜோ சொல்லாமல் கொள்ளாமல் கையை விட்டுவிட்டாள். வண்டி தானாகப் போகிறது! எனக்கு ஒரே குஷி. "பாரு, பாரு!" என்று தமிழில் கத்துகிறேன். சைக்கிள் நேராக வாய்க்காலைப் பார்த்துப் போகிறது. திருப்பத் தெரியவில்லை. அப்போது பின்னாலிருந்து ஒரு ஆண் குரல், மைதானமே அதிருகிற மாதிரி. "பிரேக்! டீச்சர், பிரேக்! நோ, நோ, லெஃப்ட் ஹேண்ட்! பிரஸ் இட்!" அழுத்தினேன். வாய்க்கால் விளிம்பில் வண்டி நின்றது, நான் நிற்கவில்லை, சேற்றில் போய் உட்கார்ந்தேன். திரும்பிப் பார்த்தால் மூச்சிரைக்க நிற்கிறார் திரு. சென். "ஒய் டூ யூ லுக் அட் த வாட்டர்? லுக் அட் த ரோட்!" என்று ஐம்பது வயதுக்காரர் என்னைத் திட்டுகிறார், அப்பழுக்கில்லாத ஆங்கிலத்தில். திட்டி முடித்த பிறகுதான் தான் பேசிவிட்டதே அவருக்கு உறைத்தது. வாயைக் கையால் பொத்திக்கொண்டார். சேற்றில் உட்கார்ந்தபடியே நான் கைதட்டினேன். அன்று மரத்தடியில் எழுந்த சிரிப்பைப் போல அந்தக் கோடையில் வேறெதுவும் நான் கேட்கவில்லை.

எனக்கு அப்போது ஒன்று புரிந்தது. இவர்கள் எல்லாரும் வாத்தியார்கள். வாத்தியாருக்குக் கேள்வி கேட்டால் வாய் வராமல் இருக்கலாம், கண்முன்னால் ஒருத்தி தப்பாகச் செய்தால் சும்மா இருக்க முடியாது. மறுநாளிலிருந்து பாடப் புத்தகத்தை மூடிவிட்டேன். குச்சிகளைத் தலைகீழாகப் பிடித்துச் சாப்பிட்டேன். மாவுக்குள் பூரணம் வைத்து மடிக்கும் அவர்கள் ஊர்க் கொழுக்கட்டையை வேண்டுமென்றே பிதுங்கவிட்டேன். அவர்கள் அவித்த மல்லாட்டையைக் குச்சியால் ஒவ்வொன்றாக எடுத்துத் தின்பார்கள். நான் நம் ஊர் வழக்கப்படி கட்டைவிரலால் நசுக்கி, உப்புத் தண்ணியை உறிஞ்சிவிட்டு, ஓட்டைத் துப்பினேன். அதையும் திருத்தப் பார்த்தார்கள், அதில் மட்டும் நான் விட்டுக்கொடுக்கவில்லை. இரண்டு வாரத்தில் வகுப்பு சந்தைக்கடையாகிவிட்டது. நான் எதைத் தொட்டாலும் நாலு பக்கமிருந்தும் "நோ டீச்சர், நாட் லைக் தட்" என்று பாய்ந்துவருவார்கள். பேசியது மனதில் நிற்கவேண்டும் என்று நான் ஒரு வாக்கியம் சொல்ல, அவர்கள் எல்லாரும் சேர்ந்து திருப்பிச் சொல்ல, செஞ்சியில் என் பிள்ளைகளுக்குச் செய்வதையே அங்கேயும் செய்தேன். எனக்குத் தெரிந்தது அது ஒன்றுதான்.

இதற்கு நடுவில்தான் உன் நைனாவின் ஏர்மெயில்கள் வந்துகொண்டிருந்தன. எழுதியதற்கும் கிடைத்ததற்கும் நடுவில் உனக்கு ஒரு காய்ச்சல் வந்து போயே போய்விட்டது. முதல் கடிதத்தில் சோறு குழைந்தது, இரண்டாவதில் விதைப்பு முடிந்தது, புள்ளை வரப்பில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதினான். மூன்றாவது கடிதத்தில் சுதந்திர தின மாறுவேடப் போட்டி. மற்ற வீடுகளில் எல்லாம் காந்தி, நேரு, போலீஸ்காரர். உன் நைனா உன்னைக் கேட்டிருக்கிறார், "உனக்கு இன்னாவா வேஷம் போடணும்?" நீ சொல்லியிருக்கிறாய், "மல்லாட்டை." விடியற்காலையில் நிலத்துக்குப் போய்ச் செடிகளைப் பிடுங்கி வந்து, தலையிலும் தோளிலும் இலை, கணுக்காலைச் சுற்றி வேரும் விதைக்கு வைத்திருந்த காயும் தொங்க உன்னைக் கட்டிவிட்டிருக்கிறார். மேடையில் ஏறி, "நான் மல்லாட்டை. என்னைப் புடுங்குங்க" என்று சொல்லிவிட்டு இறங்கினாயாம். பரிசு காந்திக்குத்தான். ஆனால் ஊரே உன்னை ஒரு மாதத்துக்கு மல்லாட்டை என்றுதான் கூப்பிட்டது. அந்தக் கடிதத்தை நான் ஜோவுக்கு மொழிபெயர்க்க, அவள் வகுப்புக்கு மொழிபெயர்க்க, சென் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். உனக்கு நினைவிருப்பது அந்தப் பஸ் ஸ்டாண்ட் அழுகை மட்டும்தானா? நன்றாக யோசித்துப் பார்.

கடைசியில் தேர்வு நாள் வந்தது. தேர்வாளர் கண்ணாடி போட்ட, கஞ்சி போட்ட மாதிரி விறைப்பான மனிதர். நான் உள்ளே இருக்கக்கூடாது என்று சொல்லிவிட்டதால் ஜன்னலுக்கு வெளியே ஜோவோடு நின்றேன். அவர் உள்ளே நுழைந்ததும் வகுப்பே எழுந்து நின்று, ஒரே குரலில், "குட் மாஆஆர்னிங் சாஆஆர்" என்றது. அது நம் ராகம்! செஞ்சி பெண்கள் பள்ளி ஏழாம் வகுப்பு ராகம்! நடுவில் ஏற்றி, கடைசியில் இழுத்து விடுவோமே, அதேதான். அத்தனை வாரமாக நான் சொல்லிக்கொடுத்தபோது அது என் காதில் விழவே இல்லை. சீன வாத்தியார்கள் அத்தனை பேரும் செஞ்சிப் பிள்ளைகளாக நிற்கிறார்கள். போயிற்று, இவர்கள் எல்லாரையும் நான் கெடுத்துவிட்டேன், சென்னுடைய குடும்பத்தைச் சேரவிடாமல் பண்ணிவிட்டேன் என்று ஜோவின் கையைப் பிடித்துக்கொண்டேன்.

சென்னுடைய முறை வந்தது. உங்களுடைய ஒரு நாளைப் பற்றிச் சொல்லுங்கள் என்றார் தேர்வாளர். சென் எழுந்து நின்றார். குனிந்து பேனா தேடிவிடுவாரோ என்று பயந்தேன். தேடவில்லை. காலையில் எழுந்து மகளுக்குத் தலை பின்னிவிடுகிறேன் என்று ஆரம்பித்தார். முதல் வருஷம் பின்னல் கோணலாக வந்தது, பள்ளியில் சிரித்தார்கள், பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் கேட்டுக் கற்றுக்கொண்டேன், இப்போது அவளுடைய பின்னல்தான் வகுப்பிலேயே அழகு என்றார். ஒவ்வொரு வாக்கியத்தையும் நம் ராகத்தில் ஏற்றி இழுத்து விட்டார். நிறுத்தவே இல்லை. தேர்வாளர் மணியைப் பார்த்தும் நிறுத்தவில்லை. எல்லாம் முடிந்து வெளியே வந்த தேர்வாளர் ஜோவைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசியதை அவளே பிறகு என்னிடம் சொன்னாள். "இவ்வளவு பயமில்லாமல் பேசுகிற வகுப்பை நான் இந்த மாகாணத்தில் பார்த்ததில்லை. ஆனால் இந்த உச்சரிப்பு, இது இங்கிலாந்தில் எந்தப் பக்கத்துப் பேச்சு?" ஜோ கண் இமைக்காமல், "தெற்குப் பக்கம்" என்றாளாம். அவர் தலையாட்டிவிட்டுக் குறித்துக்கொண்டார். எல்லாரையும் தேறவைத்துவிட்டுத்தான் போனார். அன்று மைதானத்தில் நான் சேலையோடு சைக்கிளில் மூன்று சுற்று வந்தேன், வாத்தியார்கள் எல்லாரும் பின்னாலேயே ஓடிவந்தார்கள்.

ஊருக்குக் கிளம்பும் அன்று என் பெட்டியைத் தன் சைக்கிளில் வைத்துத் தள்ளிக்கொண்டு சென் ஸ்டேஷன் வரைக்கும் வந்தார். அவர் மகளும் கூட வந்தாள், அந்தப் பெயர்பெற்ற பின்னலோடு. நான் கேட்டேன், ஒரு ஆண்பிள்ளை தனியாகக் குழந்தையை வளர்ப்பது ரொம்பக் கஷ்டமாக இருந்திருக்குமே என்று. அவர் சரிந்த பெட்டியை நேராக்கி வைத்தார். பிறகு சொன்னார், "கஷ்டம்தான் டீச்சர். ஆனால் இவளை எனக்குத் தெரியும். எந்தச் சத்தத்துக்கு எழுந்துகொள்வாள், எந்தப் பொய்யைச் சொல்லும்போது மூக்கைத் தொடுவாள், எல்லாம் தெரியும். என் சிநேகிதர்கள் வீட்டில் மனைவி இருந்தாள், அதனால் அவர்களுக்கு அவர்களுடைய குழந்தைகளைத் தெரியாது." குளிர்காலத்தில் அவருக்கு மாற்றல் வந்துவிட்டதாக ஜோ எழுதினாள். மூன்று பேரும் ஒன்றாக நிற்கிற படம் ஒன்றும் வந்தது.

நான் திரும்பி வந்த நாள் உனக்கு நினைவிருக்காது. பஸ்ஸிலிருந்து இறங்கியதும் ஓடிவந்து காலைக் கட்டிக்கொண்டாய். வீட்டுக்கு வந்து ஆசை ஆசையாக ரசம் வைத்துப் போட்டேன். ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு, "நைனா வைக்கற ரசம் மாதிரி இல்ல" என்றாய். அவசரத்தில் நான் குழையவிட்ட சோற்றைப் பார்த்து "பாயசம்" என்றாய், உன் நைனா விழுந்து விழுந்து சிரித்தார். எனக்கு அது என்ன வேடிக்கை என்று புரியவில்லை. கேட்டேன், இரண்டு பேரும் சொல்லவில்லை, ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு இன்னும் சிரித்தீர்கள். பொறாமையாக இருந்தது கண்ணு, பொய் சொல்லமாட்டேன். ஆனால் அதைவிடப் பெரிதாக ஒரு நிம்மதி வந்தது. நான் போகும்போது உன் நைனா நீ தூங்குகிற முகத்தை மட்டும் பார்த்த மனிதர். வரும்போது உனக்கு எந்தப் பக்கம் பல் ஆடுகிறது என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தார். இன்றைக்கும் உனக்கு ஆபீஸில் ஒரு டென்ஷன் என்றால் என்னிடமா பேசுகிறாய்? "நைனாகிட்ட குடும்மா" என்றுதானே கேட்கிறாய். அந்தப் பழக்கம் எங்கே ஆரம்பித்தது என்று நினைக்கிறாய்?

அதனால் உன் சாட்சியான நான் உனக்கு எதிராகத்தான் சொல்லப்போகிறேன். செல்வி போகட்டும். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு அனுப்பாதே, சிரித்துக்கொண்டு அனுப்பு. தினமும் போன் பண்ணி, "பாப்பா உன்னைத் தேடறா" என்று சொல்லி அவளைக் கரைக்காதே. குழந்தை அழும், அப்புறம் விளையாடப் போய்விடும். அவள் அங்கே சந்தோஷமாக இருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும், திரும்பி வந்து யாராவது உச்சுக் கொட்டினால் மூக்கைத் துடைத்துக்கொள்ள வேண்டிய அவசியம் அவளுக்கு வரக்கூடாது. நேற்றே அவளிடம் போனில் பேசிவிட்டேன். "அத்தை, அவர் ஒத்துக்கமாட்டார்" என்றாள். "அவன் நைனா யாருன்னு அவன் மறந்துட்டான், நான் ஞாபகப்படுத்தறேன்" என்றேன். சிரித்தாள், கொஞ்சம் அழுதாள்.

நீ இதைப் படித்துவிட்டு உடனே போனை எடுத்து என்ன கேட்பாய் என்றும் எனக்குத் தெரியும். அப்படியானால் அந்த இரண்டு மாதமும் நீ வந்து பாப்பாவைப் பார்த்துக்கொள் அம்மா என்பாய். வரமாட்டேன். முட்டிவலி ஒன்றும் காரணம் இல்லை, பேத்தி என்றால் எனக்கு உயிர் என்று உனக்கே தெரியும். சரி, நைனாவையாவது அனுப்பு என்பாய். அதையும் கேட்டுவிட்டேன். சற்று முன்தான், இந்தக் கடிதத்தை எழுதிக்கொண்டே, "நீங்க போய் ரெண்டு மாசம் இருந்துட்டு வர்றீங்களா?" என்றேன். பேப்பரிலிருந்து தலையைத் தூக்கினார். போக ஆசைதான், முகத்திலேயே தெரிந்தது. பேப்பரை மடித்து வைத்துவிட்டு, "வேணாம்" என்றார். "எனக்குக் கெடச்சது அவனுக்கும் கெடைக்கப்போவுது. நான் போய் நடுவுல இன்னாத்துக்குப் புடுங்கிக்கணும்?"

உன் அம்மா